நோட்டில் எழுதிய தொண்ணூற்று மூன்று

சட்டை தைக்கும் தொழிற்சாலையில், தைத்து வருபவற்றை அளந்து பார்த்து அனுப்புவது அவள் வேலை. காலர் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒதுக்கிவிடுவாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தையல் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் டேப்பு அக்கா.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்தபோது, கர்ப்பகாலச் சர்க்கரை என்று சோதனையில் வந்தது. அவள் கலங்கவில்லை.

"சரி, என்ன செய்யணும்?" என்றுதான் கேட்டாள்.

தினமும் நான்கு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்றாள் மருத்துவமனை நர்ஸ். வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இருக்க வேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நூற்று நாற்பதுக்குக் கீழே. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் சோறு கப்பில் அளந்துதான் தட்டுக்கு வந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கப்பு தலைக்கு மேல நிக்குது. தட்டிப் போடுங்க."

"சோத்தைத் தட்டிப் போடுற வீட்டுல வந்து வாக்கப்பட்டுட்டேனே!" என்பான் அவன்.

மதியம் சாப்பிட்டதும் தையல் மெஷின் வரிசைகளைச் சுற்றிக் கால்மணி நேரம் நடப்பாள்.

"அக்கா, எங்களை வேவு பாக்கறீங்களா?"

"உங்களை இல்லடி, என் சர்க்கரையை."

சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. காலை எண் மட்டும் அடங்கவில்லை. நூற்றொன்று. நூற்று நான்கு. தொண்ணூற்றொன்பது. இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். கணவனுக்குத் தெரியாமல் மீதியை மூடி வைத்துவிட்டுப் பசியோடு படுத்தாள். மறுநாள் நூற்றாறு. எதைத் தின்றோம், எங்கே தவறினோம் என்று பல் விளக்கும்போதெல்லாம் யோசித்தாள்.

ஒரு காலையில் கருவி நூற்று மூன்று காட்டியது. நோட்டில் தொண்ணூற்று மூன்று என்று எழுதினாள். எழுதியதை ஒரு தடவை பார்த்தாள். ஆனால் அடித்துத் திருத்தவில்லை. மறுநாள் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினாள். பத்து நாள் அப்படியே ஓடியது.

அடுத்த தடவை போனபோது நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, "மெஷினைக் குடுங்க," என்றாள். பொத்தானை அழுத்தினாள். பழைய எண்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அவளுக்குக் காது சூடேறியது. "அதுல எல்லாம் பதிஞ்சிருக்கும்னு தெரியாது."

"எடை வேற குறைஞ்சிருக்கு. ராத்திரி சாப்பிடறீங்களா?"

"பாதிதான்," என்றாள் அவள். நோட்டை மூடினாள். "பொய் அளவு எழுதினதுக்கு எங்க கம்பெனில ஒருத்தியை நானே மாட்டிவிட்டிருக்கேன். நானா இப்படிச் செஞ்சேன்?"

"காலைல ஏறுறது உங்க சாப்பாட்டால இல்லைங்க. நஞ்சுக்கொடில சுரக்கிற ஹார்மோன் ராத்திரியெல்லாம் உங்க இன்சுலினை வேலை செய்ய விடாது. சில பேருக்கு எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் ஊசி வேணும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "நான்தான் சரியா இல்லைன்னு பட்டினி கிடந்தேன்!"

நர்ஸ் மெஷினைக் கீழே வைத்தாள். "சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு," என்றாள். அப்போதுதான் டேப்பு அக்காவுக்கு அழுகை வந்தது.

டாக்டர் அன்றே இன்சுலின் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் சின்னதாகிவிட்டது.

"என்கிட்டயும் தொண்ணூத்தி மூணுன்னுதானே சொன்ன?"

"ஆமா."

அவன் திட்டவில்லை. முட்டையும் காய்கறியும் அளந்த சோறுமாகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். அவள் முழுதும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஊசி போட வந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மருந்தின் அளவை இரண்டு தடவை கூட்டிய பிறகு, ஒரு காலையில் தொண்ணூற்று நான்கு வந்தது. இடையில் தொண்ணூற்றேழு வந்த நாளும் உண்டு. அதையும் எழுதினாள்.

பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதற்குப் பால் கொடுத்து, பிறகு சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் குதிகாலில் குத்தினார்கள். நூற்றுக்கணக்கான தடவை தன் விரலைத் தானே குத்தியவளால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

"எவ்வளவு?"

"நல்லா இருக்காம்," என்றான் அவன்.

"எண்ணைச் சொல்லுங்க."

"அறுபத்தி ரெண்டு. பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அழுகிற குழந்தையைத் தூக்கிவந்து அவள் மார்பில் கிடத்தினான்.