தவலையில் கரைந்த வம்சம்

உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் தாமோதரனுக்கு ஹைட்ரா என்றால் உயிர். ஏரிப்பாசியில் நூல்துண்டுபோலத் தொங்கும் பிராணி அது. ஆண் துணை வேண்டாம். தாயின் இடுப்பில் மொட்டு விட்டுக் குழந்தை பிரியும். தாயின் குணம் அத்தனையும் அப்படியே அதில் இருக்கும். ஒன்றை இரண்டாக நறுக்கினால் இரண்டு துண்டும் முழுசாக வளர்ந்துவிடும்.

"இதுல ஒசந்த பொறப்பு, தாழ்ந்த பொறப்பு ஏதுடா?" என்று வகுப்பில் முழங்குவார். ஊருக்குத்தானே உபதேசம், முழங்குவதற்கு என்ன கஷ்டம்?

அவற்றை வளர்த்ததெல்லாம் சின்னப்பையன். பெயர்தான் பையன், தலை பாதி நரைத்த ஆள். காவாந்தண்டலம் சேரியிலிருந்து நடந்து வருவான். வேட்டித் துணியால் நீர்ப்பூச்சி வடித்து ஹைட்ராவுக்குத் தீனி போடுவான். ஒரே ஒரு தாயிலிருந்து பானை நிறைய வம்சம் பெருக்கியிருந்தான். தினக்கூலிதான். கல்வி அதிகாரி வந்து பார்த்துத் திருப்தியானால் அட்டெண்டர் வேலை நிரந்தரம் என்று தாமோதரன் சொல்லியிருந்தார். இனி மிராசுதார் களத்தில் போய் நிற்க வேண்டாமே என்று அவன் மனைவி செங்கேணி வேண்டாத தெய்வமில்லை.

பள்ளிக்கூடத் தகரக் கூரை வெயிலில் கொதித்தது; பானைத் தண்ணீரும் சுட்டது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், மண்பானையைத் தன் வீட்டுப் பின்கட்டில் வைக்கச் சொன்னார் தாமோதரன். சேரிப் பானை வீட்டுக்குள் வருவது அவர் மனைவி ஆண்டாளம்மாளுக்குப் பொறுக்கவில்லை. செம்பைத் தேய்த்தால் தீட்டுப் போகும், மண்ணுக்குப் போகுமா?

"செம்புத் தவல வெச்சிகீறேன். அதுல ஊத்திட்டு உன் பானைய எடுத்துக்கினு போ. தவல மேல கை பட்டுதுன்னா தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

சின்னப்பையன் எட்ட நின்று, பானையை உயரத் தூக்கி ஊற்றினான்.

விடிந்து பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. எல்லாம் கரைந்து, அடியில் கஞ்சித் திப்பியாகக் கிடந்தது. செம்பு ஹைட்ராவுக்கு விஷம் என்று காலேஜில் படித்தது தாமோதரனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. திப்பியைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்.

அதிகாரியும் விலங்கியல் படித்தவர். தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"செம்பு பட்டாத்தான் இப்படிக் கரையும். எதுல வெச்சிருந்தீங்க?"

"இவன் மண்பானைலதான் சார்" என்றார் தாமோதரன்.

அதிகாரி சின்னப்பையனிடம் திரும்பினார். "நெஜத்தச் சொல்லு. செம்புப் பாத்திரத்துல ஊத்துனியா?"

சின்னப்பையனுக்குத் தெரியும். ஆமாம் என்றால், யார் வீட்டுச் செம்பு, நீ எப்படிக் கிட்டே போனாய் என்று ஊரே திரண்டு வரும்.

"அய்யய்யோ, இல்லீங்க தொரே! செம்ப நான் கண்ணாலகூடப் பாக்கலீங்க. எம் பானைதாங்க."

"அப்போ பானைய நீ சுத்தமா வெச்சுக்கல" என்றார் அதிகாரி. வேலைக்கு வேறு ஆள் பார்க்கும்படி அங்கேயே உத்தரவு போட்டார். தாமோதரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவி.

சின்னப்பையன் தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே ஓடினான். வேலை போனது அவனுக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

"சார், அம்மாவோட தவலயப் பத்தி நான் வாயே தொறக்கல, பாத்தீங்கல்ல? உங்க வூட்டு மானத்தக் காப்பாத்திகீறேன். வேற எங்கனா ஒரு வேல சொல்லி வுடுங்க சார்."

"தள்ளி நின்னு பேசுடா" என்றார் தாமோதரன்.