தண்ணீர் ஊற்றாதவர்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் விரட்டியதில் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தின் ஓரத்தில், பழைய வயல்வெளியில் இருக்கும் மரப்பூங்காவில்தான் நடக்கிறேன்.

முதல் வரியாக, ‘காவிரியில் அன்று தண்ணீர்’ என்று எழுதி அடித்துவிட்டேன். திருச்சிக்காரர்கள் எல்லோரும் கதையை ஆற்றில்தான் இறக்குகிறோம். இதுவாவது கரையில் இருக்கட்டும்.

2

பூங்காவின் பொறுப்பாளர் ஜென்சி. புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். (முதல் பிரதியில் அவளை ஓரிடத்தில் அழவைத்தேன். பொருந்தவில்லை. இவள் அழுகிற ஜாதி அல்ல, கேள்வி கேட்கிற ஜாதி.)

எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டவிருந்த இலுப்பை மரம் ஒன்றை, கிளை கழித்து, வேரோடு பெயர்த்து, கிரேனில் கொண்டுவந்து இங்கே நட்டவள் அவள்தான். நெடுஞ்சாலைத் துறை அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். இது பிழைத்தால் அந்தச் சாலையின் மற்ற மரங்களும் இங்கே வரும். பிழைக்காவிட்டால் அவற்றுக்கு ரம்பம்.

“பொழைக்கும் சார். இங்க வர்ற எங்க ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது,” என்றாள் ஜென்சி.

3

அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

வெட்டிய கிளைகளில் வந்த துளிர் மஞ்சளடித்து உதிர ஆரம்பித்தது. ஜென்சி அடிமண்ணைத் தோண்டி முகர்ந்தாள். புளித்த வாடை. களிமண்ணில் தண்ணீர் தேங்கி நின்றது.

“நான் வாரம் ஒருதரம்தான் விடுறேன் மேடம்,” என்றாள் தோட்டக்காரி செல்லக்கிளி. பொய் சொல்கிறவள் அல்ல.

மறுநாள் விடியும்போதே வந்து ஜென்சி மறைவாக நின்றாள். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற லக்ஷ்மிகாந்த் வந்தார், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பாட்டிலைக் கவிழ்த்தார். அவர் தலை மறைந்ததும் அரவிந்தவல்லி மாமி அரிசி களைந்த தண்ணீரோடு வந்தாள். பிறகு ஒரு குடம். பிறகு ஒரு பக்கெட்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குடும்பம் உண்டு. பிறந்தநாள், கல்யாணநாள் என்று வந்து தண்ணீர் விடுவார்கள், களை பிடுங்குவார்கள். அடுத்த வீட்டு மரத்தைத் தொடமாட்டார்கள். இலுப்பைக்கு மட்டும் ஜென்சி எந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுதவில்லை. பிழைக்கட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தாள். ஐயோ, நாதியில்லாத மரம் என்று ஊரே ஆளுக்கொரு பக்கமாக ரகசியமாகத் தத்தெடுத்துவிட்டது.

4

ஜென்சி கோபத்தில்

(இல்லை. கோபம் இருந்தது, கூடவே வேறு ஒன்றும் இருந்தது. அந்த வரியை விட்டுவிடுகிறேன்.)

ஜென்சி எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டாள். “இது தாகத்துல வாடல. வேருக்கு மூச்சு முட்டுது,” என்றாள்.

லக்ஷ்மிகாந்த்தான் முதலில் பேசினார். “நான் ஒருத்தன்தானேன்னு நெனச்சுண்டிருந்தேம்மா.”

“நானும்,” என்றாள் மாமி. அப்புறம் வரிசையாக எல்லோரும்.

“இப்ப நாங்க என்ன பண்ணணும், சொல்லு,” என்றார் லக்ஷ்மிகாந்த்.

“வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிக்கணும். அப்புறம் யாரும் ஒண்ணுமே பண்ணக்கூடாது. அதுதான் கஷ்டம்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார்கள். செல்லக்கிளி மேஸ்திரி மாதிரி நின்று வேலை வாங்கினாள். அதன்பின் மரத்துக்குக் காவல் போட்டார்கள். ஊற்றியவர்களே காவல். ஒரு நாள், கோவிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், வாடிய மரத்தைப் பார்த்து மனமிரங்கி பாட்டிலைத் திறந்தார். மாமி குறுக்கே போய் நின்றாள்.

“ஊத்தாதீங்கோ. அது எங்காத்து மரம்.”

ஜென்சி அதைக் கேட்டாள். எடமலைப்பட்டி புதூர் மர வரிசை முழுவதையும் அன்றைக்கே கொண்டுவந்து இவர்கள் கையில் கொடுத்துவிடலாம் போல் அவளுக்கு இருந்தது. அவ்வளவு பெருமை.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் துளிர் நிலைக்கிறது, அதிகாரி கைகொடுக்கிறார். மற்றதில் மரம் காய்கிறது, அவர் உதட்டைப் பிதுக்குகிறார். இரண்டையும் ஜென்சியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“ரெண்டும் வேண்டாம் சார். பொழச்சிடுச்சுன்னா அப்பாடான்னு மூடி வெச்சிடுவாங்க. செத்துடுச்சுன்னா ஐயோ பாவம்னு மூடி வெச்சிடுவாங்க.”

“உண்மையில் எப்படி இருக்கிறது?”

“இன்னும் சொல்ல முடியாது. ரெண்டு துளிர் நிக்குது. செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி வர்றார். மரத்தை மட்டுமா பாப்பார்? பாத்துக்க ஆள் இருக்கான்னும் பாக்கணும்ல. படிக்கிறவங்களை அங்க வரச் சொல்லி எழுதுங்க.”

எழுதிவிட்டேன். கடைசி வரி இதுதான், மிச்சம் உங்களுடையது:

செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி வந்து இறங்கியபோது, இலுப்பையைச் சுற்றி நின்றிருந்தவர்கள்