கூடத்து மூலையில் ஒரு மங்கல்

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, அவனுக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் எட்டு வேலை மாறியவன். எங்கே போனாலும் முதலாளி சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். கடைசியில் தங்கையே என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்ககூட வச்சுக்கோங்க. இதுதான் கடைசி. இங்கயும் அவரு ஒழுங்கா இல்லன்னு உங்க வாயால சொன்னீங்கன்னா, அன்னைக்கே அத்து விட்டுடறேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

நான் செய்வது மார்பிள் தரைக்கு மெருகேற்றும் வேலை. மெஷினின் அடியில் கல்லை மாட்டி, தண்ணீர் ஊற்றி, தரையைத் தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுக் கல், போகப் போக மழுமழுப்பான கல், ஆறு தடவை. கடைசியில் வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் குழைத்துப் போட்டு ஒரு ஓட்டம். அந்தப் பவுடரில்தான் பளபளப்பே வரும். ஆனால் அதிலும் அமிலம் உண்டு. ஓட்டம் முடிந்த கையோடு கழுவி வழித்துவிட வேண்டும், காய விட்டால் கல்லின் முகம் வெளுத்துவிடும்.

மெஷினை மாப்பிள்ளையைத் தொட விட்டதில்லை. தண்ணீர் சுமப்பது, சேற்றை வைப்பரால் இழுத்துத் தள்ளுவது, குளியலறை டைல்ஸில் ஒட்டிய சிமென்ட்டை ஆசிட் போட்டு எடுப்பது, இவ்வளவுதான் அவன் பங்கு. "இந்த பாட்டில் பாத்ரூம் வாசலத் தாண்டக் கூடாது. மார்பிள்ல ஒரு சொட்டு விழுந்தாலும் கல்லு செத்துடும்" என்று முதல் நாளே சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னபோது, "மூணு தரம் சொல்லிட்டீங்க மச்சான்" என்றான். அந்தக் குத்தல் எனக்கு ஆகாது.

இந்த வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இதை முடித்தால் கீழே இன்னும் மூன்று வீட்டு வேலையும் எனக்கே என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ரகம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், முடித்த அறைகளில் விரித்த செய்தித்தாளை விட்டுக் கால் கீழே வைக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. இன்னும் சாமானே வந்து இறங்காத வீட்டில் கதவுக் கைப்பிடிக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். எங்களைப் பார்த்த பார்வையில், எங்களுக்கும் ஓர் உறை போட முடியாத வருத்தம் தெரிந்தது.

நேற்றுக் காலை நாங்கள் போனபோது கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள். "இங்க வா" என்றாள். போனேன்.

மூலையில் ஒரு முழ அகலத்துக்குத் தரை செத்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னியது. அங்கே மட்டும் சுண்ணாம்பு பூத்த மாதிரி மங்கல்.

"இது என்ன?"

"பார்க்கறேன்மா."

"நீ என்ன பார்க்கறது, நான் பார்த்துட்டேன். ஆசிட் ஊத்தியிருக்கீங்க. படம் எடுத்து வச்சிருக்கேன். இப்பவே கான்ட்ராக்டருக்கு அனுப்பினா கீழ இருக்கற மூணு வீட்டுலயும் நீ கால் வைக்க முடியாது. யாரு பண்ணினது?"

நான் உள்ளங்கையால் தடவினேன். சொரசொரவென்று இருந்தது, அமிலம் தின்ற கல்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை வாளியோடு செய்தித்தாளின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

"ஆசிட் வேலை இவன்தான்மா" என்றேன்.

"நான் ஊத்தல மச்சான். பாட்டிலு பாத்ரூம்லதான் இருக்கு. நேத்து கரண்ட் போனப்போ..."

"வாய மூடு. கரண்ட்டு மேல பழி போடறான் பாருங்க. எட்டு எடத்துல நிக்காதவன் ஒன்பதாவது எடத்துல திருந்துவான்னு நெனச்சேனே, என் புத்திய..."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். சோற்றுக்குப் பிடித்த கேடு என்றேன், என் தங்கையின் ஆயுளைத் தின்ன வந்தவன் என்றேன். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் அந்த மூலையில் நின்றபடியே வந்து விழுந்தது. பொய் சொல்வானேன், சொல்லச் சொல்லச் சுகமாக இருந்தது.

அவன் வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டினான். இத்தனை பேச்சு கேட்டும், போகும்போதும் செய்தித்தாளை விட்டு விலகாமல் ஓரமாகவே நடந்து போனான்.

"இந்த மாதிரி ஆளையெல்லாம் கூட்டிட்டு வராத" என்றாள் வீட்டுக்காரம்மா. "சாயங்காலத்துக்குள்ள இது சரியாகணும்."

மங்கலை எடுக்க வேண்டுமென்றால் நாலாம் கல்லிலிருந்து திரும்ப ஓட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிட்டுக் குந்தினேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் அந்த மங்கலின் உருவம் தெரிந்தது.

ஊற்றின ஆசிட் வாட்டம் பார்த்து ஓடும், ஓரம் கிழிந்து கிழிந்து இருக்கும். இது அப்படி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பிறைகள், ஒரே அகலம். என் மெஷின் தட்டின் அகலம்.

முந்தாநாள் மதியம் நினைவுக்கு வந்தது. அந்த மூலையில் பவுடர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பவுடர்க் குழம்பு அப்படியே தரையில் கிடந்தது. நான் அதைக் கழுவவில்லை. அன்று அவன் அரைமணி நேரம் தாமதமாக வந்திருந்தான். மெஷின் நின்ற நேரத்தில், அதற்காக அவனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், நாலு பேர் பார்க்கத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டின் நடுவே அவன் சொன்னான்: "மச்சான், மேல பவுடரு காயுது."

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேலே ஏறி வந்தேன். எல்லாவற்றையும் கழுவினேன். ஈரத்தில் மங்கல் தெரியாது, வேலை முடிந்ததென்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

எட்டிப் பார்த்தால் தெரு. அவன் இன்னும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் வீட்டுக்காரம்மாவுக்கும் கேட்கும். கீழ் வீடுகள் மூன்றும் போகும். அதைக்கூட விடுங்கள். அவன் திரும்ப மேலே ஏறி வந்து என் முகத்தைப் பார்ப்பான். எட்டு வேலை மாறியவன் முன்னால், இருபது வருஷத் தொழில்காரன் நான் தலை குனிந்து நிற்க வேண்டும். அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நாலாம் கல்லை மாட்டினேன். ஐந்து, ஆறு. பவுடரைக் குழைத்து ஓட்டி, உடனே கழுவி, வழித்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். இரண்டு மணி நேரத்தில் பிறை மூன்றும் போய்விட்டன. இனி யார் வந்து எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மார்பிளில் முடியும்.

"பரவாயில்லையே" என்றாள் வீட்டுக்காரம்மா. "அந்த ஆளு போனதும்தான் வேலையே நடக்குது."

மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, இவரு வந்துட்டாரு. ஆசிட்டத் தொடவே இல்லங்கறாரு. நீங்க போட்ட பவுடரு காஞ்சதுல வந்த கறையாம்." அவள் குரல் கரகரத்தது. "இவரு சொன்னத எத்தன தடவ நம்பியிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லுங்க. அவரு ஊத்தினத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

மறுமுனையில் அவன் இருமுவது கேட்டது. அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"பாத்தேன்" என்றேன்.

 அவள் வாயைப் போனிலிருந்து திருப்பி, "துணியெல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்று அவனிடம் சொன்னது கேட்டது.  கதவு சாத்துகிற சத்தம் வந்த பிறகுதான் அவள் மறுபடி என்னிடம் பேசினாள்.

"நல்லவேள, நீங்க இருந்தீங்க அண்ணே. இல்லன்னா இன்னைக்கும் அவரத்தான் நம்பியிருப்பேன்."