கொக்கி எந்தப் பக்கம்

படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்காரர் பார்சலைப் பிரித்ததும், கடையின் உள்பக்கம் நின்ற அவர் மனைவிக்கு நெஞ்சு திக்கென்றது. கறுப்பு வெள்ளைப் படம். இருட்டுக்குள் ஒரு வெளுத்த வளைவு, நடுவே ஓர் ஓடை போலப் பள்ளம்.

"மணல்மேடு போலிருக்கு," என்றார் அவர்.

மணல்மேடாவது மண்ணாங்கட்டியாவது! அது அவளுடைய முதுகு. கல்யாணத்துக்கு முன்னால், புகைப்படக்காரர் ஒருவரின் மாடியறையில், துணியில்லாமல் குனிந்து உட்கார்ந்திருந்த மத்தியானம் அது. "முகமே வராதும்மா. பெத்த தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது," என்றிருந்தார். பாவி மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் இருந்தார். இத்தனை வருஷமும் ஈ காக்காய்க்குத் தெரியாது. கணவருக்குத் தெரிந்தால் என்னாகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயம்.

கடையோ ஓர் ஆள் அகலம். அவரைத் தாண்டாமல் வாசலுக்குப் போக வழியில்லை. நாலு மணிக்குப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தவர் வந்து வாங்கிப் போய்விடுவார், அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தாள்.

அவர் மெல்லிய பிரஷ்ஷால் படத்தைத் துடைத்தார். ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் போகவில்லை. "தூசின்னு நெனச்சேன். படத்துலயே இருக்கு போல." கண்ணாடி வைத்தார், சட்டம் அடித்தார், படத்தைப் படுக்கைவாட்டில் திருப்பிக் கொக்கிக்கு இடம் குறித்தார்.

அவர் கொக்கியைக் கோணலாக வைத்தால் சொல்வது அவள் வேலை. வருஷக்கணக்கான பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது.

"அப்படியில்லைங்க. நிறுத்தி மாட்டணும். தோள் மேல வரணும்."

"தோளா?"

"இல்ல... பார்த்தா அப்படித் தோணுச்சு."

அவர் படத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். மணல்மேடு போய் முதுகு வந்தது. வலது தோளுக்குக் கீழே, தூசி என்று அவர் துடைத்த புள்ளி. மிளகளவு மச்சம். அதை அவரளவு பார்த்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. எங்கே ஓட, வழியில் அவரல்லவா நிற்கிறார்.

அவள் சொன்ன பக்கத்திலேயே கொக்கியை அடித்தார். பின்பக்கம் பழுப்புத் தாளை ஒட்டி, எப்போதும்போல ஓரங்களை விரலால் நீவினார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இதை எத்தனை காப்பி போட்டான்?"

அவளுக்குத் தெரியாது. அதை அவள் அன்றைக்குக் கேட்கவே இல்லை.