அரக்கன் திரும்பி வரும் வழி

யுசுகி முகமூடிக்காக என் தலையை நூல் வைத்து அளந்தாள். நெற்றியைச் சுற்றி ஒரு தரம், காதிலிருந்து காதுக்கு ஒரு தரம். அளந்த நூலைக் கழுவிக் காயவைத்த பால் அட்டைப்பெட்டியின் மேல் நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பெட்டி உங்க தலைக்குப் பத்தாது, ஹிரைவா சான். ரெண்டு பெட்டிய ஒட்டணும்" என்றாள். ஏழு வயதுப் பெண் சொல்வது குறையா பாராட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு பயனும் இல்லை. தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஹிரைவா என்பது என் குடும்பப் பெயர். நவம்பரில் அவள் அம்மா சனாயேயை நான் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து யுசுகிக்கும் அதுதான் குடும்பப் பெயர். அவளுடைய பள்ளிப் பையில், குடையில், ரப்பர் பூட்ஸில் எல்லாம் சனாயே அதைப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். இருந்தும் ஒரு ஹிரைவா இன்னொரு ஹிரைவாவை, ஏதோ மின்சார அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்தவள் போல, "ஹிரைவா சான்", அதாவது திருவாளர் ஹிரைவா என்றுதான் கூப்பிடுவாள். வேறு மாதிரிக் கூப்பிடச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த வேறு மாதிரிக்கு எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அந்த வீட்டில் பண்டிகை என்றால் கடையில் ஒரு துரும்பும் வாங்கக் கூடாது. சனாயேக்கு சூப்பர் மார்க்கெட்டில், சமைத்த உணவுப் பகுதியில் வேலை. "மறுநாள் காலைல எல்லாத்துலயும் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டறவளே நான்தான். அதுக்கு மொத நாள் முழு விலை குடுக்க எனக்குக் கை வருமா?" என்பாள். கிறிஸ்துமஸ் மரத்தைப் பச்சை ஸ்வெட்டரைப் பிரித்த நூலில் செய்தார்கள். புத்தாண்டுத் தோரணம் பழைய செய்தித்தாள். பசை, மிஞ்சிய சோற்றை மசித்தது. இதிலெல்லாம் அம்மாவும் மகளும் கைதேர்ந்தவர்கள். நான் வந்த முதல் வாரமே ஒரு முட்டை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டேன். அன்று இருவரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அதனால்தான், காயவைத்த மூன்று பால் பெட்டிகளில் ஒன்றைக் காணவில்லை என்று சனாயே கேட்டபோது யுசுகி என்னைப் பார்த்தாள். சனாயேயும் என்னைப் பார்த்தாள். குற்றம் தானாக என் மடியில் வந்து உட்கார்ந்தது.

பிப்ரவரியில், பஞ்சாங்கப்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள், வீட்டிலிருந்து அரக்கனை விரட்டுவோம். குடும்பத்தில் ஒருவர் முகமூடி போட்டு அரக்கனாக வருவார். மற்றவர்கள் "அரக்கன் வெளியே, அதிர்ஷ்டம் உள்ளே" என்று கத்திக்கொண்டு கடலையால் அடிப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் அரக்கன் சில வருஷமாகக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய ஒரு படமாகத்தான் இருந்தான். யுசுகியின் அப்பா வீட்டை விட்டுப் போன அடுத்த ஆண்டு சனாயே தானே முகமூடி போட்டாளாம். அவள் வாசலைத் தாண்டியதும் குழந்தை போட்ட அழுகையில் தெருவே கூடிவிட்டதாம். "வெளிய போறது யாரா இருந்தாலும் அவளுக்கு ஆகாது. இந்த வருஷம் அவளே உங்களக் கேட்டிருக்கா. ஒழுங்கா அடி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு சனாயே வேலைக்குக் கிளம்பினாள். அன்று ஊர் முழுக்க நீளமான சோற்று உருளை தின்னும் நாள். அவளுக்குக் கடை மூடும் வரை உருட்டல்தான்.

என் பங்குக்கும் அந்த வீட்டில் ஏதாவது ஒரு வழக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை. நான் தெற்கே நாராக்காரன். எங்கள் பக்கம் அன்றைக்கு மத்தி மீன் சுட்டு, தலையை மட்டும் முள் இலைக் கிளையில் குத்தி வாசலில் செருகுவோம். நான் மண்ணெண்ணெய் லாரி ஓட்டுகிறவன். எண்ணெய் ஊற்றப் போன ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிளையைக் கேட்டு வாங்கி வந்து, மத்தித் தலையைக் குத்தி வாசல் நிலையில் செருகினேன். வடக்கே இந்த அகிதா பக்கத்தில் அப்படி யாரும் செய்து யுசுகி பார்த்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எதற்கு என்று கேட்டாள்.

"நாத்தம் தாங்காம அரக்கன் ஓடிடுவான். மீறி வந்தா முள்ளு கண்ணுல குத்தும். இது இருக்கற வரைக்கும் எந்த அரக்கனும் இந்த வாசப்படியத் தாண்ட முடியாது."

"எந்த அரக்கனுமா?"

"எந்த அரக்கனும்."

"பெரிய அரக்கன்?"

"அவன் பாட்டனே வந்தாலும் முடியாது" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலம் என்னை அலங்கரித்தாள். சிவப்பு முகம், தயிர்க் கிண்ணக் கொம்பு, பிரித்த ஸ்வெட்டர் நூலில் தலைமயிர். செய்தித்தாளைச் சுருட்டி, முட்டை அட்டையின் குமிழ்களை முள்ளாக ஒட்டிய கதாயுதம். உள்ளாடைக் கால்சட்டையின் மேல் மஞ்சள் துண்டைச் சுற்றி, கறுப்பு நாடாவில் புலி வரி போட்டாள். நாடா அரை வரியில் தீர்ந்துவிட்டதால் பின்பக்கம் வரி இல்லாத புலியானேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு என் கையே தெரியாது, ஆகவே முகமூடியை அதற்கு மேலேயே கட்டினாள். நான் உறுமினேன். அவள் அடித்தாள்.

எங்கள் ஊரில் சின்ன சோயா பருப்பை வீசுவார்கள், மேலே பட்டால் கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருக்கும். இங்கே பனியில் தொலைந்துவிடக் கூடாதென்று ஓட்டோடு வேர்க்கடலை வீசுகிறார்கள். பொறுக்கித் திரும்பத் தின்னலாம், சிக்கனம். ஆனால் ஓட்டின் முனை காது மடலில் பட்டால் தெரியும் சிக்கனத்தின் அருமை. அந்தக் குழந்தை ஓரிரண்டு வருஷத்துக் கடலையைச் சேர்த்து வைத்திருந்தவள் போல அடித்தாள். "அரக்கன் வெளியே, அரக்கன் வெளியே" என்று சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வேண்டியதைவிட ஓர் அடி அதிகமாகவே பின்வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பனியில் போய் நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு தட்டினேன்.

"யுசுகி, முடிஞ்சுது. கதவத் திற."

தபால் போடும் துவாரத்தின் மூடி மெல்ல உயர்ந்தது. "முடியாது. மத்தித் தலை இருக்கு."

"நான் நெஜ அரக்கன் இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா, கொம்பு ஒட்டினதே நான்தானே. ஆனா அரக்கன்னு சொல்லி வெளிய அனுப்பியாச்சு. எந்த அரக்கனும் தாண்ட முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சரி, முகமூடியக் கழட்டிடறேன்."

"கழட்டினா முகமூடி இல்லாத அரக்கன்."

"அப்ப மத்தித் தலைய எடுத்துடறேன்."

"எடுத்தா நெஜ அரக்கன் வந்துடுவான்" என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டாள். கைபேசி உள்ளே, மேல்சட்டை உள்ளே. பனி புலித் துண்டுக்குள் புகுந்தது.

எதிர்வீட்டு கமாடா வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். தெருச் சங்கத்தின் தலைவர். எந்தச் சங்கடத்தையும் மறுநாளே ஊருக்கெல்லாம் விநியோகிக்கும் பொறுப்பும் அவருடையது.

"என்ன மண்ணெண்ணெய்க்காரரே, ஊருக்கெல்லாம் சூடேத்திட்டு நீங்க விறைச்சுப்போய் நிக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நியாயம் கேட்கக் கதவருகே வந்து குனிந்து, துவாரத்தில் பேசினார். யுசுகி முழுவதையும் முதலிலிருந்து விளக்குவது கேட்டது. கமாடா நிமிர்ந்து மத்தித் தலையை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"புள்ள சொல்றதுல தப்பு இல்லீங்களே. யாரு செருகச் சொன்னா இத?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் நிக்கணும்."

அவர் மேல்சட்டையைக் கழற்றித் தர வந்தார், நான் வேண்டாமென்றேன். குளிர் ஒரு பக்கம். அதைவிட, அவள் சிரித்ததெல்லாம் என்னை வெளியே தள்ள முடிந்த சந்தோஷம்தானோ என்ற எண்ணம்தான் வாட்டியது. ஒரு குழந்தைக்கு அப்படித் தோன்றினால் அதில் என்ன தவறு? அது அவர்கள் இரண்டு பேரின் வீடு. சோற்றுப் பசை குளிரில் விட்டுப்போய் ஒரு கொம்பு காலடியில் விழுந்தது.

துவாரம் மறுபடி திறந்தது. உள்ளேயிருந்து தட்டையாக, கொஞ்சம் வளைந்து ஏதோ வந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். இன்னொரு முகமூடி. அரக்கனுக்கு எதிராளியாக இந்த நாளில் படங்களில் வரும் உப்பிய கன்னத்துச் சிரிப்புக்காரி, அதிர்ஷ்டத்தின் முகம். சின்னச் சிவந்த வாய், கொழுத்த கன்னத்தில் வட்டச் சிவப்பு. பின்பக்கம் பால் நிறுவனத்தின் மாடு. காணாமல்போன மூன்றாவது பெட்டி.

"அதப் போட்டுக்கங்க. அதிர்ஷ்டம்னா உள்ள வரலாம்."

"இத எப்ப செஞ்ச?"

"முந்தாநேத்து. உங்கள வெளிய அனுப்பினா அப்புறம் எப்படி உள்ள கூட்டிட்டு வர்றதுன்னு யோசிச்சேன்."

திருப்பிப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காரிக்கு கறுப்பு மெழுகுக் குச்சியால் மூக்குக் கண்ணாடி வரைந்திருந்தாள். இடது மூலையில் உடைந்து நான் நாடா சுற்றி வைத்திருக்கும் இடம் உட்பட. கமாடா தொண்டையைச் செருமிக்கொண்டு, வாரிய பனியையே திரும்ப வாரப் போனார்.

முகமூடியைக் கட்டிக்கொண்டேன். உள்ளே அவள் முறையாக, பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில், "அதிர்ஷ்டம் உள்ளே" என்றாள். தாழ்ப்பாள் விலகியது. வீட்டின் வெப்பம் பட்டதும் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னக் கை என் புலித் துண்டைப் பிடித்து அடுப்பின் பக்கம் இழுத்துப் போனது.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது சனாயே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். யுசுகி பள்ளிப் பையுடன் வாசலில் நின்று, அந்த முகமூடியை என் கையில் திணித்தாள்.

"மத்தித் தலை இன்னும் இருக்கு, ஹிரைவா சான். சாயங்காலம் உள்ள வரணும்ல?"

அன்று முழுக்க அது லாரியில் என் பக்கத்து இருக்கையில், இருக்கைப் பட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், கமாடாவின் விநியோகம் அதற்குள் முடிந்திருந்தது. இருட்டும் நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தேன். நிலையில் முள் இலைக் கிளை மட்டும் இருந்தது. மத்தித் தலையைப் பூனையோ காக்கையோ கொண்டுபோயிருந்தது. படியில் இரண்டு செதில்கள் கிடந்தன. என்னைத் தடுக்க இனி அங்கே ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. நான் முகமூடியை எடுத்து, மெழுகுக் கண்ணாடி என் கண்ணாடியின் மேல் சரியாக உட்காரும்படி கட்டிக்கொண்டு, மணியை அழுத்தினேன். உள்ளே ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. தபால் துவாரத்தின் மூடி மெல்ல உயர்ந்தது.