விடுபட்ட முதல் தேதி

என் தங்கையின் பெயர் மருத்துவ இதழில் அச்சாகப்போகிறது என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஆஸ்பத்திரியில் நான் பதினெட்டு வருடமாக டாக்டர், அவள் ஆறே வருடம்.

உடம்பு தளர்ந்து வந்த ஒரு லாரி டிரைவரின் வாயைத் திறந்து பார்த்து, ஈறு கறுத்திருப்பதைக் கவனித்து, லட்சத்தில் சிலருக்கே வரும் சுரப்பி நோயைக் கண்டுபிடித்துவிட்டாளாம். அம்மாகூட போனில் அந்த ஈறு புராணத்தையே பாடினாள்.

ஆனால் இதழ்காரர்கள் லேசில் போட மாட்டார்கள். நோயாளி எந்தத் தேதியில் வந்தார், என்ன மருந்து கொடுத்தோம், என்ன ஆனது என்று வரிசையாக இருக்க வேண்டும். நோயாளி பட்டதை அவர் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு நீளமான பட்டியல். அதை வைத்து அவள் கட்டுரையைச் சரிபார்க்கும் வேலையைப் பெரிய டாக்டர் என்னிடம் கொடுத்தார். குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிக்கியது. தேதி வரிசை ஜூனில், அவள் பார்த்த நாளில் தொடங்கியது. டிரைவரோ, "இதுக்கு முன்னாடியும் இங்கதான் வந்தேன். நிமிந்துகூட பாக்காம சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க" என்று சொல்லியிருந்தார். அந்த முதல் தேதி வரிசையில் இல்லவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே தான் கண்டுபிடித்ததாகக் காட்டத்தான் விட்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரே குஷி. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாரக் கூட்டம் வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, அத்தனை டாக்டர்கள் முன்னால் போட்டு உடைத்தேன்.

அவள் தலை குனிந்தாள். சின்ன விஷயம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள். நானா விடுவேன்?

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பழைய சீட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வந்தது. பெரிய டாக்டர் ஏப்ரல் மாதச் சீட்டைப் படித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். சத்து மாத்திரை, மூன்று வாரம். கீழே என் கையெழுத்து.

அந்த டிரைவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்தத் தேதியைச் சேர்த்துவிடுங்கள், டாக்டர் பெயர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் எழுந்து போனார்.

தாழ்வாரத்தில் தங்கையை மறித்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கா? அதான் விட்டுட்டேன். விட்டது தப்புதான்."

அவளுக்கு என்னைவிட மூளை அதிகம் என்பதை எப்படியோ சகித்துக்கொண்டிருந்தேன். மனசும் பெரிசு என்பதைத்தான் தாங்க முடியவில்லை.