கல்தூசி மசோதா

டீச்சர் எதிர்க்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போன முதல் வருஷமே சனிக்கிழமை காலைகளை மனு வாங்குவதற்கென்று ஒதுக்கிவிட்டார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி, சுற்றும்போது கழுத்து சுளுக்கியது மாதிரி ஆடும் ஒரு மின்விசிறி. மூலையில் தட்டச்சு வேலைக்கு நான். நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன். கமா சரியான இடத்தில் விழாத மனுவைக் கையெழுத்துக்கு நீட்ட மாட்டேன் என்பதால் என் பெயரே 'கமா சார்' என்றாகிவிட்டது. வீட்டில் என் மனைவிகூட சமயத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

டீச்சர் அரசியலுக்கு வருமுன் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். "ஆளுங்கட்சிக்காரர்கிட்ட போனா காரியம் நடக்கும். எங்கிட்ட வந்தா கேள்வி கேக்கத்தான் முடியும், அதுக்குச் சம்மதம்னா உக்காருங்க" என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். அப்படியும் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம்.

கல் அறுப்பவரும் அவர் மனைவியும் வந்த அன்று, படியிலேயே அவர் வெகுநேரம் நின்றுவிட்டார். மேலே வந்து உட்கார்ந்த பிறகும் பேசவில்லை. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோனேன். அழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வயது முப்பத்தெட்டு.

அவருக்காக மனைவிதான் பேசினார். சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறவர். வீட்டுச் சமையல் மேடைக்குப் போடுகிற கல்பலகைகளை அறுத்துக் கொடுக்கும் பட்டறையில் கணவர் பதினாறு வருஷமாக வேலை. ஆறு பேர், அதில் ஒருவன் அவருடைய தம்பி. அந்தப் பலகையில் பாதிக்கு மேல் மணல்தூள். அறுக்கும்போது மாவு மாதிரிப் பறக்கும். அது உள்ளே போய் நுரையீரல் இறுகிவிட்டது, இனிமேல் இளகாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை சட்டத்துக்குள் வராது, இந்த நோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பட்டியல்ல இல்லாத நோய் இவருக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?" என்றார் அந்த அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டீச்சர் அன்றே பட்டறையைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். முதலாளி நாற்காலியை மூன்று முறை துடைத்துப் போட்டார். எழுந்தபோது டீச்சரின் புடவையில் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. வேலை செய்கிறவர்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காதே என்று டீச்சர் கேட்டதற்கு, வேலை பாதியாகக் குறையும், பக்கத்துப் பட்டறைக்காரன் தண்ணீர் விடாமலே அறுக்கும்போது நான் மட்டும் தண்ணீர் விட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. அவரைப் பெரிய கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரும் பேச்சுக்கு நடுவே இருமினார்.

அடுத்த மூன்று மாதம் டீச்சர் அந்தத் தொழிற்பேட்டையில் இருந்த எல்லாப் பட்டறைகளுக்கும் போனார். நாற்பத்தொரு பட்டறை. பெயர் கேட்டாலே ஆட்கள் நழுவினார்கள், வேலை போய்விடும் என்ற பயம். கடைசியில் கல் அறுப்பவரே கூட வர ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். "என்னைப் பாருங்கடா, போதும்" என்பார். அதற்கு மேல் பேச அவருக்கும் மூச்சு இல்லை. அவரைப் பார்த்துத்தான் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு நெஞ்சுப்படம் எடுத்தார். முதல் முகாமிலேயே முப்பத்திரண்டு பேருக்கு நோய் என்று தெரிந்தது. கல் அறுப்பவரின் தம்பிக்கு அன்று வேலை இருந்தது, அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

சபையில் டீச்சர் கேள்வி கேட்டார். அப்படி ஒரு நோய் பதிவாகவில்லை என்று அமைச்சர் பதில் சொன்னார். டீச்சர் முப்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். பத்தொன்பதாவது பெயரில் சபாநாயகர் மணி அடித்தார்.

அப்புறம், டீச்சரே கொண்டுவந்த தனிநபர் மசோதா. பதினான்கு முறை தட்டச்சு செய்தேன். தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை நெஞ்சுப்படம், நோய் வந்தவருக்கு ஆயுள் முழுக்கச் சிகிச்சையும் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவியும், ஏற்கெனவே வந்தவருக்கும் சேர்த்து. வெள்ளிக்கிழமை மதியம், காலி நாற்காலிகளுக்கு நடுவே டீச்சர் அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பள்ளிக்கூடத்துக் கடைசி பீரியட் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். அரசே ஒரு மசோதா கொண்டுவரும், நீங்கள் இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் அமைச்சர். டீச்சர் திரும்பப் பெற்றார். எதிர்க்கட்சியில் இருப்பவருக்கு அதுவே வெற்றி.

அரசு சொன்னபடி செய்தது. மசோதாவின் நகல் வந்ததும் நான்தான் முதலில் படித்தேன். பெரும்பாலும் எங்கள் வாசகங்களே. எட்டாம் பிரிவில் மட்டும், 'இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பின்னர் கண்டறியப்படும் நோய்க்கு' என்று இருந்தது. 'முன்னரோ பின்னரோ' என்று நாங்கள் எழுதியதில் 'முன்னரோ' போய்விட்டிருந்தது. அதில் கோடு போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முப்பத்திரண்டு பேரும் வெளிய நிக்கிறாங்க, கமா" என்றார்.

கட்சிக் கொறடா, நல்லதாகப் போயிற்று, இதையே காரணம் காட்டி வெளிநடப்பு செய்துவிடலாம், தேர்தல் வருகிற நேரத்தில் அவர்களுக்கு நாம் ஏன் கை தூக்க வேண்டும் என்றார். 'முன்னரோ'வைத் திரும்பச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவர மட்டும் டீச்சருக்கு அனுமதி கிடைத்தது. அது தோற்றால் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முந்தைய சனிக்கிழமை, மனு வாங்குவதை நிறுத்திவிட்டுக் கல் அறுப்பவர் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறையும் சமையலறையும்தான். அவர் மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கொடுத்த காற்று இயந்திரம் கட்டிலடியில் உறுமிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் பக்கத்தில் மனைவி, வாசற்படியில் தம்பி. தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை ஒன்று.

டீச்சர் எதையும் மறைக்கவில்லை. பிரிவு எட்டைப் பள்ளிப் பாடம் மாதிரி விளக்கினார். திருத்தம் ஜெயிக்காது, தோற்றதும் கட்சி வெளிநடப்பு செய்யும் என்றும் சொன்னார்.

கல் அறுப்பவர் தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தார். பிறகு, "என் தம்பிக்கு?" என்றார்.

"அவர் இன்னும் படமே எடுக்கலையே. சட்டம் வந்த பிறகு எடுத்து, நோய்னு தெரிஞ்சா அவருக்கு உண்டு" என்றார் டீச்சர்.

சொல்லி முடித்த உடனே டீச்சரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. வாசற்படியில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான்.

"அப்ப நீ அடுத்த வாரம் படம் எடுக்கப் போகாத" என்றார் அண்ணன்.

டீச்சர் பதறிப்போய், அப்படியில்லை, சீக்கிரம் தெரிந்தால்தான் தூசியிலிருந்து விலக முடியும், இப்போதே விலகினால் நிறைய வருஷம் நன்றாக இருக்கலாம் என்று என்னென்னவோ சொன்னார். கல் அறுப்பவர் பொறுமையாகக் கேட்டார்.

"விலகிட்டு எங்க போவான் டீச்சர்? எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது இந்த வேலைதான்" என்றார். குழாயைச் சரிசெய்துகொண்டு மூச்சு சேர்த்தார். "நீங்க வெளிய போயிடாதீங்க. உள்ளயே இருந்து கை தூக்குங்க. அவனுக்காவது கிடைக்கட்டும்."

மனைவி தையலை நிறுத்தினார். "அப்ப இவருக்கு?" என்றார். டீச்சரைப் பார்த்துக் கேட்டாரா, கணவரைப் பார்த்துக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் எழுந்து சமையலறைக்குள் போனவர் நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை.

வாக்கெடுப்பு அன்று நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். திருத்தம் குரல் வாக்கெடுப்பில் ஒரு நிமிஷத்தில் தோற்றது. எங்கள் கட்சிக்காரர்கள் கோஷம் போட்டபடி எழுந்து போனார்கள். அந்த வரிசை முழுக்கக் காலியானது, டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மசோதாவை ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கினார். ஆளுங்கட்சிப் பக்கத்தில் சிலர் மேஜையைத் தட்டினார்கள். அது பாராட்டா கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் கட்சி அவரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கான பதிலையும் நான்தான் தட்டச்சு செய்தேன். நான்கே வரி.

சட்டம் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. அரசிதழில் தேதி அறிவித்தால்தான் வரும். டீச்சர் மாதம் இரண்டு கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாவது மாதம் பெரியாஸ்பத்திரி டாக்டர் போன் செய்தார். மனுஷர் நல்ல கோபத்தில் இருந்தார். "உங்க சட்டம் பாஸானதுலேருந்து என் முகாம் காலியா இருக்கு. பேர் கொடுத்தவங்க எல்லாரும் பேரை அடிச்சிட்டுப் போயிட்டாங்க. நோய் தீர்ந்துடுச்சுன்னு நினைக்கிறீங்களா?"

தம்பிக்குச் சொன்னது தொழிற்பேட்டை முழுக்கப் பரவியிருந்தது. தேதி வரும்வரை யாரும் படம் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். டீச்சர் மறுபடியும் பட்டறை பட்டறையாகப் போனார். சட்டம் கிடக்கட்டும், படம் எடுங்கள் என்று கெஞ்சினார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் கைக்குட்டையை அவிழ்த்து மடித்தபடியே, "அண்ணன் சொல்லியிருக்காருங்க" என்றான். அதற்குள் இரண்டு தரம் இருமலை விழுங்கினான்.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், கல் அறுப்பவர் இறந்துபோனார். தம்பி எனக்குத்தான் போன் செய்தான். சபை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த உதவியாளரிடம் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி டீச்சரிடம் கொடுக்க வைத்தேன். அடுத்த கேள்வி அவருடையதுதான், தேதி எப்போது என்ற அதே கேள்வி. எழுந்து கேட்டார். இதை யாருக்காகக் கேட்கிறேனோ அவர் சற்று முன்னால் இறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அமைச்சர் எழுந்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். பிறகு, பரிசீலனையில் உள்ளது என்றார்.

ஏழாவது மாதம் தேதி அறிவித்தார்கள். இரண்டாம் நாளே தம்பி நெஞ்சுப்படம் எடுத்தான். இரண்டு பக்கமும் பரவியிருந்தது. ஏழு மாதம் முன்னால் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டீச்சர் கேட்டார். அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார் டாக்டர்.

அந்தச் சட்டத்தில் முதல் ஆணை அவன் பெயருக்குத்தான் வந்தது. அமைச்சர் கையால் வாங்க, பத்திரிகைக்குப் படம் பிடிக்க, ஆள் அனுப்பினார்கள். அவன் போகவில்லை. தபாலில் வந்ததை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்லும்படி எங்களைக் கூப்பிட்டான். அண்ணி வீட்டில்தான் இருந்தான்.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். டீச்சரைப் பார்த்து, "உங்க மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "உள்ள வாங்க. உக்காருங்க."

நான் ஆணையைப் படித்தேன். சிகிச்சை இலவசம், மாதாமாதம் உதவி, தூசி உள்ள வேலைக்கு இனிமேல் போகக் கூடாது. நோய் கண்டறியப்பட்ட நாள் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "படிங்க கமா சார்" என்றான் அவன். படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி அண்ணியிடம் கொடுத்து, பத்திரமா வைங்க அண்ணி என்றான். அவர் வாங்கிப் பார்க்காமலே தையல் மெஷின் இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு டீச்சரிடம், சட்டத்தில் விட்டுப்போனவர்களில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"இருபத்தாறு பேர்" என்றார் டீச்சர். அவர்களுக்காக இன்னொரு திருத்தம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த தேர்தலில் கட்சி தனக்கு இடம் தரப்போவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது டீச்சர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அன்னைக்கு நான் அதைச் சொல்லலேன்னாலும் வேற யாராவது சொல்லியிருப்பாங்க இல்ல, கமா?"

"ஆமாங்க டீச்சர்" என்றேன். "யாராவது சொல்லித்தான் இருப்பாங்க."

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும், இறங்கும்வரை டீச்சர் நின்றுகொண்டே வந்தார்.